ஐந்து பற்களும் ஒரு வண்ண அட்டையும்

கிராஃபிக் டிசைன் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், தண்ணீரைப் பற்றிய சுவரொட்டிப் போட்டி ஒன்றுக்கு நான் அனுப்பிய படைப்பில், வெடித்துக் கிடந்த நிலத்திலிருந்து எழுந்த ஒரு கை ஒற்றை நீர்த்துளியை ஏந்திக்கொண்டிருந்தது. மூன்று இரவுகள் கண்விழித்து வரைந்த படம் அது. துளிக்குள் பூமிப்பந்து மங்கலாகத் தெரியும்படி செய்தது எனக்கே உரிய கற்பனை என்று உறுதியாக நம்பியிருந்தேன். வந்த படைப்புகள் எல்லாவற்றையும் சேலத்தில் ஓர் அரங்கில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தோழியை அழைத்துக்கொண்டு பேருந்து ஏறிப் போனேன். நுழைவாயிலை ஒட்டியே ஒரு கையும் ஒரு துளியும் இருந்தன. இரண்டடி தள்ளி இன்னொரு கை. எதிர்ச்சுவரில் மேலும் மூன்று. அரங்கைச் சுற்றி முடித்தபோது மொத்தம் 11 கைகளை எண்ணியிருந்தேன். அவற்றுள் என் கை எது என்று தெரிந்துகொள்ள, கீழே ஒட்டியிருந்த பதிவு எண்ணைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

அந்த 11 பேரும் ஒருவரையொருவர் பார்த்து வரைந்தவர்கள் அல்லர். எல்லோரும் ஒரே வேலையைச் செய்திருந்தோம், அவ்வளவுதான். போட்டி அறிவிப்பைப் படித்த கையோடு கூகுளிலும் பின்டெரெஸ்டிலும் தேடி, முன்னர் பரிசு பெற்ற சுவரொட்டிகளை நூற்றுக்கணக்கில் பார்த்து, பார்த்தவற்றை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்திருந்தோம். நாம் மறந்தாலும் கை மறப்பதில்லை. என் வகுப்பில் இன்றும் போட்டி என்றவுடன் பெரும்பாலோர் முதலில் திறப்பது உலாவியைத்தான். நானும் அந்தப் பழக்கத்தை முழுவதும் விட்டவள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

என் தாய்மாமா தருமபுரி பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுவரிலும் தகரத்திலும் எழுதிப் பிழைத்தவர். நூல் பிடித்துக் கோடடித்து, முதல் எழுத்தை எழுதியவுடன் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்று பார்த்து, திரும்பி வந்து இரண்டாம் எழுத்தை எழுதுவாராம். இப்போது அவருடைய கடையில் நான் விடுமுறை நாள்களில் உட்கார்ந்து கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வரும் பெயர்ப் பட்டியலைப் பழைய வானவில் எழுத்துருவுக்கு மாற்றும்போது ஓர் அத்தை பெயரின் கொம்பு காணாமல் போய், அதனால் இரண்டு குடும்பங்களுக்கிடையே பேச்சுவார்த்தை நின்ற கதையெல்லாம் அந்தக் கடையில் உண்டு.

அங்கே வருகிறவர்கள் கேட்பது புதுமையை அன்று. "போன வாரம் பங்காளி வீட்டுக்கு அடிச்சீங்களே, அதே மாதிரி" என்றுதான் சொல்வார்கள். நான் முதலில் இதை ரசனைக் குறைவு என்று நினைத்தேன்; இப்போது அப்படி நினைப்பதில்லை. பைக்கில் போகிறவர் ஒரு கணத்தில் பார்த்து, இது காது குத்து, இது சாவு என்று பிரித்தறிய வேண்டிய இடத்தில், பழகிய தோற்றமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. போட்டியில் நிலைமை நேரெதிரானது. நடுவர்கள் ஒரே பொருளைப் பற்றிய நூற்றுக்கணக்கான படைப்புகளை ஓரிரு நாளில் பார்க்கிறார்கள். பழகிய படத்தின் மேல் அவர்கள் கண் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கடையில் எனக்குச் சோறு போடும் அதே திறமை, போட்டியில் என்னை 11 கைகளுள் ஒன்றாக ஆக்கிவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

போட்டிகளால் பிறந்த சின்னங்களின் வரலாற்றை அந்த ஓராண்டில்தான் தேடிப் படித்தேன். நம் ரூபாய்க் குறியீட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது. மத்திய நிதி அமைச்சகம் 2009-இல் அறிவித்த போட்டிக்கு 3,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. அவற்றிலிருந்து ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2010 ஜூலை 15 அன்று உதயகுமாரின் வடிவத்தை அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அவர் அப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவர். தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றன் மேல் ஒன்று படிந்த வடிவம் அது. மேலே உள்ள கோடு தேவநாகரியின் தலைக்கோடு. இரண்டு கோடுகளும் நடுவிலுள்ள வெள்ளையும் சேர்ந்து கொடியை நினைவூட்டும். இவை எல்லோரும் பள்ளியிலேயே படித்தவைதான். என்னை நிறுத்திய செய்தி வேறு. அவர் ஆராய்ந்துகொண்டிருந்த துறை தமிழ் அச்செழுத்து. எழுத்தின் எலும்பையும் தசையையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, இரண்டு எழுத்துகள் ஒரே தண்டைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பது கண்ணில் பட்டிருக்கிறது. அந்த யோசனை போட்டி அறிவிப்பு வந்த அன்று பிறந்ததாக நான் நினைக்கவில்லை.

தூய்மை இந்தியா இயக்கத்தின் சின்னமும் 2014-இல் பொதுமக்களிடம் கேட்டுப் பெறப்பட்டதுதான். கோலாப்பூரைச் சேர்ந்த அனந்த் கஸ்பர்தார் காந்தியின் மூக்குக்கண்ணாடியை மட்டும் வைத்துவிட்டு முகத்தை விட்டுவிட்டார். துடைப்பத்தை வரைந்து அனுப்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருப்பேன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவற்றைவிட மாணவர்களுக்கு நெருக்கமானது மறுசுழற்சிச் சின்னத்தின் கதை. 1970-இல் அமெரிக்காவில் ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் மாணவர்களுக்காக நடத்திய போட்டிக்கு, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 23 வயது கேரி ஆண்டர்சன் மூன்று வடிவங்களை அனுப்பினார். அவற்றுள் மிக எளிமையானதே வென்றது. ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டிய காகிதப் பட்டையைப் போல மூன்று அம்புகள் மடங்கி ஒன்றையொன்று துரத்தும் அந்த வடிவம் இன்று தண்ணீர்ப் புட்டியிலிருந்து பால் பாக்கெட் வரை இருக்கிறது. எளிமையானது வென்றது என்பதைவிட, அவர் மூன்றை அனுப்பினார் என்பதே எனக்குத் தேவையான செய்தியாக இருந்தது. நான் அதுவரை எந்தப் போட்டிக்கும் இரண்டாவது யோசனையைத் தேடியதே இல்லை. முதலில் வந்ததை மெருகேற்றிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு எழுத்துருவாக்கம் நடத்திய ஆசிரியை, பழைய எழுத்துகளைக் கல்லில் பார்த்து வரைந்து வரச்சொன்னார். தமிழின் பழைய எழுத்து வடிவங்களுள் ஒன்றான வட்டெழுத்தைத் தேடி நான் வெகுதொலைவு போக வேண்டியிருக்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு நடுகல் என்பது ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் சாய்ந்து கிடக்கும் கல். வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைக்கும் கல். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளியில் இருந்தபோது சுற்றுலாவாக ஒருமுறை போய், கல்லைப் பார்க்காமல் ஐஸ் சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன். இம்முறை நோட்டும் பென்சிலுமாக அரை நாள் உட்கார்ந்தேன்.

எழுத்தைப் பார்க்கப் போனவளுக்குக் கல்லின் ஏற்பாடு பிடித்துப்போயிற்று. கல்லின் நடுவே வீரன். ஒரு கையில் வில்லோ குறுவாளோ. சில கற்களில் அவன் உடம்பில் தைத்த அம்புகள். பக்கத்திலோ காலடியிலோ மாடுகள். அடுக்கடுக்காகச் செதுக்கிய பிற்காலக் கற்களில் கீழே சண்டையும், நடுவில் அவனைத் தூக்கிச் செல்லும் வானுலகப் பெண்களும், மேலே அவன் அடைந்த உலகமும் இருக்கும். எழுதியிருப்பது சில வரிகள்தான்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுப் பட்டான். வீரம் என்ற சொல்லைப் பெரிதாக எழுதி வைக்கவில்லை. ஊரையும் ஆளையும் மாட்டையும் ஆண்டையும் சொல்லிவிட்டுக் கல் நின்றுகொள்கிறது.

திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி ஆசிரியை அடுத்த வகுப்பில் சொன்னார். முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. அதில் இறந்த வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவலாக நின்றது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறது. 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்தச் சண்டையை என்னால் நம்ப முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த நாய்க்குப் பெயர் இருப்பதுதான். என் முதல் சுவரொட்டியின் கைக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை. அது தருமபுரிப் பெண்ணின் கையாக இருந்தாலும் தெற்கு ஆப்பிரிக்கப் பெண்ணின் கையாக இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே யாருடைய கையாகவும் அது இல்லை.

சென்ற ஆண்டு மறுபடியும் தண்ணீர் என்ற தலைப்பிலேயே ஒரு போட்டி வந்தபோது, இந்த நாயை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஏ3 அளவு, நிற்கும் வாக்கில், சொற்கள் இருபதுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. அறிவிப்பின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தேன். முன்பு ஒரு போட்டியில், பரிசு பெறாத படைப்புகளின் உரிமையும் நடத்துகிறவர்களுக்கே சேரும் என்ற வரியைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டு, பிறகு என் வகுப்புத் தோழனின் வரைபடம் ஒன்றை அவர்களுடைய நாட்காட்டியில் பார்த்து வயிறெரிந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் இது. இந்தப் போட்டியில் அப்படி ஒரு வரி இல்லை.

பிறகு மடிக்கணினியைத் திறக்காமல், நோட்டில் தண்ணீரைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்தவற்றை மட்டும் வாக்கியங்களாக எழுதினேன். படம் வரையக் கூடாது, படித்ததை எழுதக் கூடாது என்று எனக்கே நிபந்தனை விதித்துக்கொண்டேன். ஒகேனக்கல்லில் பரிசலைத் திருப்பிப் போட்டு அதன் நிழலில் தூங்குகிறார்கள். கிருஷ்ணகிரிக்குப் போகும் பேருந்தில் காரிமங்கலத்தில் ஏறும் பாட்டி, காலிக் குடத்துக்குள் கீரைக்கட்டு வைத்திருப்பார். அம்மா சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள் சேர்ந்தன. பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாதவை. அம்மாவைப் பற்றிய வாக்கியத்துக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று வேறு ஊர்க்காரர் கேட்கக்கூடும். எங்கள் மாவட்டத்தில் அதைக் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பகுதியின் கடினப் பாறைகளில் உள்ள புளோரைடு கனிமங்கள் நிலத்தடி நீரில் கரைகின்றன. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, மாற்று வழி இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லையைத் தாண்டிய நீரையே தலைமுறைகளாகக் குடித்தார்கள். பல்லில் மஞ்சளும் பழுப்பும் திட்டுத் திட்டாகப் படியும். நீண்ட காலம் குடித்தால் எலும்பும் வளையும். இதற்காகவே காவிரி நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

என் முதல் யோசனை, கறை படிந்த பற்களை மிக அருகில் எடுத்த புகைப்படம். வெளியூர் நடுவர்களை அதிரவைக்கும் என்று கணக்குப் போட்டேன். மாதிரிக்காக மருத்துவப் படம் ஒன்றை எடுத்துத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தபோது அம்மா காப்பியோடு வந்தார். படத்தைப் பார்த்தார், டம்ளரை வைத்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவருடைய கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட உதடு பிரிந்திருக்காது என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். அடுத்துப் பல்துலக்கும் தூரிகை, குழாயில் தொங்கும் பல் என்று வரைந்தவை தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு இருக்கும். கடைச் சுவரில் ஒட்டிவிட்டு, மாமாவின் வழக்கப்படி சாலையைக் கடந்து எதிர்ப்புறத் தேநீர்க்கடையிலிருந்து பார்த்தேன். எல்லாம் பற்பசை விளம்பரமாகத்தான் தெரிந்தன.

தீர்வு கடையின் இழுப்பறையில் இருந்தது. மாமா சுவர் எழுதிய காலத்து வண்ண அட்டை ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். பெயிண்ட் கடைகளில் கொடுப்பார்களே, நகத்தளவு கட்டங்களில் நிறமும் அடியில் பெயரும் எண்ணுமாக மடிக்கும் அட்டை, அதுதான். வெள்ளையில் தொடங்கித் தந்தம், பாலாடை, சந்தனம் என்று பழுப்புக்கு இறங்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுப் பொங்கல் புகைப்படம் ஒன்று மனத்தில் வந்து அதன் மேல் படிந்தது.

பல்லின் நிறங்களையே வண்ண அட்டைபோலக் கட்டங்களாக வைத்து, முதலில் அவற்றுக்கு அடியில் புளோரைடு அளவைப் போட்டேன்: 0.5, 1, 1.5, 3. பார்க்க மிகவும் அறிவியல் பூர்வமாக இருந்தது. எங்கள் தெருவில் வசிக்கும் பல் மருத்துவ மாணவி ஒருவரிடம் காட்டியபோது, இந்த அளவுக்கு இந்த நிறம் என்று பட்டியல் போட முடியாது என்று சொல்லிவிட்டார். பல்லின் எனாமல் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், எந்தத் தண்ணீரை எவ்வளவு குடித்தோம் என்பதே பல்லின் கறையைத் தீர்மானிக்கிறதாம். அதற்குப் பிறகு அதே நீரைக் குடித்தாலும் எலும்புக்குத்தான் கேடு, பல்லில் இந்தக் கறை விழாது.

இதைக் கேட்டவுடன் சுவரொட்டி தானாகவே அமைந்துவிட்டது. அம்மாயி காவிரிக்கரை ஊரில் 1953-இல் பிறந்து, வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தவர். ஐம்பது ஆண்டுக்கு மேலாக எங்கள் தண்ணீரைக் குடித்து முழங்கால் மடக்க முடியாமல் போனாலும், மிச்சமிருக்கும் பற்கள் வெள்ளை. அவர் பெற்ற மாமா 1976, அம்மா 1979. இருவரும் அடிபம்புத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். நான் 2004. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு, 2015-இல் பிறந்தவன் சித்தி மகன். அவன் பல் மறுபடியும் வெள்ளை. வெள்ளையில் தொடங்கிப் பழுப்புக்குப் போய் வெள்ளைக்கே திரும்பும் ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வண்ண அட்டையில் இருப்பதைப் போலவே ஒரு பெயரும் பிறந்த ஆண்டும்: ஆற்று வெள்ளை, அடிபம்புப் பழுப்பு, கிணற்று மஞ்சள், டேங்க் சந்தனம், ஒகேனக்கல் வெள்ளை. பல்லின் படமோ துளியோ கையோ எங்கும் இல்லை. மேலே சிறிய எழுத்தில் 'ஒரு குடும்பத்தின் வண்ண அட்டை, தருமபுரி' என்று மட்டும் வைத்தேன். சொற்கள் பதினைந்தில் முடிந்தன.

நிறங்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலையாயிற்று. காலை ஒன்பது மணி வெயிலில், திண்ணையில், கன்னத்தருகே வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேரின் பல்லையும் படமெடுத்தேன். பல் ஒரே நிறமாக இருப்பதில்லை. என் முன்பல்லிலேயே சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் மஞ்சள் கோடும் அருகருகே இருக்கின்றன. எந்த இடத்து நிறத்தை எடுப்பது என்பதை அவரவரையே கைப்பேசித் திரையில் தொட்டுக் காட்டச் சொன்னேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, தம் பல்லில் மிகக் கருத்த இடத்தைத் தொட்டார். வேண்டாம், வேறு இடம் காட்டுங்கள் என்றேன். "அதையே போடு" என்றார்.

படைப்போடு 150 சொல்லில் கருத்துக் குறிப்பு ஒன்றும் கேட்டிருந்தார்கள். மாணவர்களில் பலர் இதை இறுதி நாள் இரவில் அள்ளித் தெளிப்பார்கள். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவகத்துக்காக 1981-இல் நடந்த போட்டியில் 1,421 படைப்புகளுள் தேர்ந்தெடுக்கப்பட்டது, மாயா லின் என்ற 21 வயது யேல் பல்கலைக்கழக மாணவியின் வரைவு. அவர் அனுப்பிய ஓவியங்கள் வெறும் வண்ணத் தீற்றல்கள். உடன் அனுப்பிய கையெழுத்துப் பக்கம்தான் பூமிக்குள் இறங்கும் அந்தக் கறுப்புச் சுவர்களுக்குள் நடுவர்களை நடத்திச் சென்றது. நான் என் குறிப்பில் எட்டு வயதுக் கணக்கை மட்டும் விளக்கினேன். மீதியை ஐந்து கட்டங்கள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. கண்காட்சிக்குத் தேர்வான முப்பது படைப்புகளுள் ஒன்றாக வைத்திருந்தார்கள். அதற்குப் பயணச் செலவைக்கூட நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். முதற்பரிசு பெற்ற சுவரொட்டி என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதை இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டேன்.

அனுப்புவதற்கு முந்தைய நாள் மாலையில் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். திரையில் சரியாக இருந்த நிறங்கள் தாளில் அச்சானபோது ஒரு படி வெளுத்துப்போயின. மாமா அந்தத் தாளை வாங்கி, கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்தை ஒட்டித் தொங்கும் கண்ணாடியின் முன் நின்று, 1976 என்று எழுதியிருந்த கட்டத்தைத் தம் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சுவரில் நிறம் கலக்கும்போது பார்ப்பதைப் போலவே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"ஏங்கண்ணு, இன்னும் மஞ்சள் ஏத்து. எம்பல்லு இவ்ளோ வெள்ளையா இருந்திருந்தா, உங்க அத்தையப் பொண்ணு பாக்கப் போனப்ப வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசியிருப்பேனே."

மஞ்சளைப் பன்னிரண்டு விழுக்காடும் கறுப்பை நான்கு விழுக்காடும் கூட்டி, மறுபடியும் அச்சுக்குக் கொடுத்தேன்.